'மேக் இட் ஸோ': கேப்டன் பிகார்டின் மூன்று சொல் ஆணை எங்கிருந்து வந்தது, என்ன செய்கிறது?

'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற அறிவியல் புனைவுத் தொடர் 1987 செப்டம்பர் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் தொடங்கி, 7 சீசன்கள் ஓடி, 1994 மே மாதம் முடிந்தது. எண்டர்பிரைஸ் விண்கலத்தின் கேப்டன் ழான்-லூக் பிகார்ட் அதன் நாயகன். பாட்ரிக் ஸ்டூவர்ட் ஏற்ற அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொன்னதுமே ரசிகர்களுக்கு நினைவு வருவது 'மேக் இட் ஸோ' என்ற மூன்று சொல் ஆணை. 2023இல் வெளிவந்த ஸ்டூவர்டின் தன்வரலாற்றுக்கும் 'மேக்கிங் இட் ஸோ' என்றே தலைப்பு.

இத்தனை புகழ் பெற்ற இந்த வசனத்தைப் பற்றி மூன்று தவறான எண்ணங்கள் உலவுகின்றன.

1. பிகார்டின் இன்னொரு ஆணையான 'எங்கேஜ்' என்பதும் இதுவும் ஒன்றே. இடத்துக்கு ஏற்ப மாற்றிச் சொல்கிறார்.
2. தொடருக்காக எழுத்தாளர்கள் புதிதாகக் கற்பித்த வசனம் இது.
3. 'நான் சொல்கிறேன், நீ செய்' என்ற அதிகார மிடுக்கு இதில் ஒலிக்கிறது.

முதல் இரண்டும் தகவல் பிழைகள், எளிதில் திருத்திவிடலாம். மூன்றாவது, அந்தப் பாத்திரத்தையே தலைகீழாகப் பார்க்க வைக்கிறது. அது ஏன் தவறு என்று காட்ட, சொற்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

உள்ளே எதுவும் இல்லாத ஆணை

'கேடயங்களை உயர்த்துங்கள்' என்று ஒரு கேப்டன் சொன்னால், அந்த வாக்கியத்திலேயே எல்லாம் இருக்கிறது. எதை, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். அதற்கு முன் யார் என்ன பேசினார்கள் என்பது தேவையே இல்லை.

'மேக் இட் ஸோ' அப்படிப்பட்டதன்று. 'இட்' என்றால் 'அது'. 'ஸோ' என்றால் 'அப்படி'. இரண்டுமே சுட்டுச்சொற்கள், ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒன்றைக் கை நீட்டிக் காட்டுகின்றனவே தவிர, தமக்கென்று பொருள் வைத்திருக்கவில்லை. மிஞ்சும் 'மேக்' என்ற வினையும் ஆங்கிலத்தின் மிகப் பொதுவான வினைகளில் ஒன்று: ஆக்கு, செய், உண்டாக்கு. ஆக, இந்த மூன்று சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால், என்ன செய்ய வேண்டும் என்று உலகில் யாராலும் சொல்ல முடியாது.

இந்த ஆணையின் உயிர்நிலை இந்த வெறுமைதான். வேறொருவர் வாய் திறந்து, 'இதை இப்படிச் செய்யலாம்' என்று முழுமையாகச் சொன்ன பிறகுதான் பிகார்ட் இதைச் சொல்ல முடியும். யோசனை கீழிருந்து வருகிறது. கேப்டன் தருவது அனுமதியும், விளைவுக்கான பொறுப்பும் மட்டுமே.

'எங்கேஜ்' வேறு, இது வேறு

ராணுவ அணிவகுப்பில் ஆணைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். என்ன செய்யப் போகிறோம் என்று ஆயத்தப்படுத்தும் ஆணை ஒன்று; செய்ய வேண்டிய கணத்தைக் குறிக்கும் ஆணை மற்றொன்று. எண்டர்பிரைஸிலும் இந்தப் பிரிவு தெரிகிறது.

'எங்கேஜ்' என்பது கணத்தைக் குறிக்கும் ஆணை. எந்திரத்தின் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதைச் சொல்லும் ஆங்கில வினை அது. திசை, வேகம் எல்லாம் ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டன. இனிக் கலம் நகர வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர் சுக்கான் முன் அமர்ந்திருப்பவர். பிகார்டுக்கு முன்பே இந்தச் சொல் ஸ்டார் ட்ரெக் உலகில் இருந்தது. 1964இல் படமாக்கப்பட்ட முதல் முன்னோட்டப் படமான 'தி கேஜ்' என்பதில் கேப்டன் பைக் அதைச் சொல்கிறார்.

'மேக் இட் ஸோ' யோசனை சொன்னவரை நோக்கிச் சொல்லப்படுவது. அந்தக் கணத்தில் எதுவும் நகர வேண்டியதில்லை. அந்த அதிகாரி எழுந்து போய், ஆட்களைத் திரட்டி, சில மணி நேரம் உழைத்து முடிக்கும் வேலையாகக்கூட இருக்கலாம். ஒன்று விசையைத் தட்டுவது போன்றது, மற்றொன்று கையொப்பமிடுவது போன்றது.

நண்பகலை ஆக்கிய கேப்டன்கள்

இரண்டாவது தவறுக்கு வருவோம். இந்த வசனத்தின் பிறப்பிடம் தொலைக்காட்சி நிலையம் அன்று, பாய்மரக் கப்பல்களின் மேல்தளம். அங்கே இதன் முதன்மையான வேலை, கேட்பவரை வியக்க வைக்கும்: நேரம் பகல் 12 மணி என்று ஆக்குவது.

நேரத்தை எப்படி 'ஆக்க' முடியும்? அன்றைய கப்பலில் நேரம் எப்படி ஓடியது என்று பார்த்தால் விளங்கும்.

1. கப்பலின் நேரத்தை அரை மணி ஓடும் மணல் கடிகாரம் அளந்தது. மணல் தீரும்போது காவலாள் அதைத் திருப்பி வைத்து மணியடிப்பார். முதல் அரை மணிக்கு ஓரடி, அடுத்ததற்கு ஈரடி என ஏறி, 4 மணி நேரக் காவல் முறை முடியும்போது எட்டடி. இதைத்தான் 'எட்டு மணி' என்றார்கள்.

2. மணல் கடிகாரம் பிசகும். திருப்ப மறந்தாலோ, காவலை விரைவில் முடிக்க முந்தித் திருப்பினாலோ நேரம் வழுவும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒருமுறை வானத்தைப் பார்த்துத் திருத்தியாக வேண்டும்.

3. கப்பலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். நிலநடுக்கோட்டில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். ஒரு கப்பல் நேற்றைய நண்பகலிலிருந்து மேற்கே 150 கடல் மைல் வந்திருந்தால், அது 2.5 பாகை நகர்ந்திருக்கிறது. இன்றைய நண்பகல் அதற்கு 10 நிமிடம் தாமதமாகத்தான் வரும். நேற்றைய 12 மணி இன்று செல்லாது.

4. எனவே நண்பகல் நெருங்கும்போது அதிகாரிகள் கோணமானியுடன் தளத்தில் நிற்பார்கள். கருவியின் கண்ணாடிகள் சூரியனின் பிம்பத்தைக் கீழே இறக்கி, அதன் அடிவிளிம்பு தொடுவானத்தைத் தொடுமாறு காட்டும். சூரியன் ஏற ஏற, பிம்பம் தொடுவானத்தை விட்டு விலகும். திருகைத் திருப்பி மறுபடி தொட வைப்பார்கள். ஏற்றம் மெல்ல மெல்லக் குறையும். பிறகு ஒரு சில கணங்கள் பிம்பம் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். அடுத்து, தொடுவானத்துக்குக் கீழே மயிரிழை அளவு அமிழும். அவ்வளவுதான், உச்சி கடந்துவிட்டது. அந்த உச்சக் கோணத்திலிருந்தே கப்பல் நிற்கும் அட்சரேகையையும் கணக்கிட்டுவிடலாம்.

பார்த்த அதிகாரி நேரே போய் மணியடிக்க மாட்டார். கேப்டனிடம் அறிவிக்க வேண்டும். கேப்டன் 'மேக் இட் ஸோ' என்பார். அதன் பிறகே எட்டு மணி அடிக்கும்.

இந்தக் காட்சியை ஹெர்மன் மெல்வில் 1850இல் வெளியிட்ட 'வைட் ஜாக்கெட்' நாவலில் எழுதியிருக்கிறார். அவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் மாலுமியாக இருந்தவர். கண்ணால் கண்டதை எழுதினார். கப்பலின் மாலுமித் தலைவர் தொப்பியைத் தொட்டு, 12 மணி ஆனதாகத் தளத்தின் பொறுப்பதிகாரியிடம் அறிவிக்கிறார். அவர் ஓர் இளம் பயிற்சி அதிகாரியைக் கேப்டனின் அறைக்கு அனுப்புகிறார். சிறுவன் போய்ப் பணிவுடன் தெரிவிக்கிறான். 'மேக் இட் ஸோ' என்கிறார் கேப்டன். மணி அடிக்கிறது; 12 மணி ஆகிறது. கேப்டன் சொல்லும்வரை அங்கே நண்பகல் இல்லை என்கிறார் மெல்வில். கடலில் கேப்டனின் ஆட்சிக்கு அப்பாற்பட்டவை நிலவும் விண்மீன்களும் மட்டுமே, சூரியனுக்குக்கூட அவரே எஜமான் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார்.

மெல்விலின் வரிகளில் கோபம் இருக்கிறது. கப்பல் கேப்டன்களின் எல்லையற்ற அதிகாரத்தை எதிர்த்து எழுதப்பட்ட நூல் அது. சவுக்கடித் தண்டனையை அது கடுமையாகச் சாடியது. ஆனாலும் இந்த ஒரு சடங்கில் கொடுங்கோன்மையைவிடத் தேவை அதிகம் தெரிகிறது. சூரியனைப் பார்த்த நால்வர் நான்கு கணங்களைச் சொல்லலாம். காவல் மாற்றம், உணவு நேரம், பதிவேட்டில் ஏறும் தேதி எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் வேண்டும். 1805 வரை பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பதிவேட்டில் நாளே நண்பகலில்தான் தொடங்கியது. யாரோ ஒருவர் 'இதுதான் நேரம்' என்று பொறுப்பேற்றாக வேண்டும். கவனிக்க: கேப்டன் சூரியனைப் பார்க்கவில்லை. பார்த்தவர் சொல்கிறார், கேப்டன் ஏற்கிறார். முந்தைய பகுதியில் சொற்களுக்குள் கண்ட அதே அமைப்பு.

சொல்வதே செயலாகும் போது

பிரிட்டிஷ் மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் ஒரு வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். 'மழை பெய்கிறது' என்ற வாக்கியம் உலகில் இருப்பதை விவரிக்கிறது. அது உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம். 'இந்தக் கப்பலுக்கு இன்ன பெயர் சூட்டுகிறேன்' என்ற வாக்கியம் எதையும் விவரிக்கவில்லை. சொல்வதாலேயே ஒரு செயல் நடந்துவிடுகிறது. இத்தகைய வாக்கியத்தை உண்மை, பொய் என்று சோதிக்க முடியாது. சொன்னவருக்கு அந்தத் தகுதி உண்டா, உரிய சூழலில் சொன்னாரா என்றுதான் கேட்கலாம்.

நண்பகல் 'மேக் இட் ஸோ' இரண்டு வகையும் சந்திக்கும் இடம். மாலுமி சொல்வது விவரிப்பு: சூரியன் உச்சியில் இருக்கிறது. அது பிழையாகலாம். கேப்டன் சொல்வது செயல்: கப்பலின் நேரம் இப்போது 12. விவரிப்பை அதிகாரபூர்வ உண்மையாக மாற்றும் கணம் அது. மாலுமியே எழுந்து நின்று அதே மூன்று சொற்களைக் கூவினாலும் மணி அடிக்காது.

தொடரில் இதற்கு நெருக்கமான ஒரு காட்சி உண்டு. 1993இல் ஒளிபரப்பான 'டேப்பெஸ்ட்ரி' என்ற பாகத்தில், இளமையில் எந்தத் துணிச்சலும் காட்டாமல் வாழ்ந்திருந்தால் தாம் என்னவாகியிருப்போம் என்பதைப் பிகார்ட் பார்க்கிறார். அதே கலம், அதே முகம். ஆனால் நீல உடையணிந்த இளநிலை அதிகாரி. அவரது அறிவும் குரலும் மாறவில்லை. அந்த உடையில் அவரால் அறிக்கைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் முடிகிறது. 'மேக் இட் ஸோ' சொல்லும் இடம் அவருக்கு இல்லை.

கடலிலிருந்து விண்வெளிக்கு

தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். ஆனால் தம் கேப்டன்களுக்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது ஒரு கடற்படை வீரனை: சி. எஸ். ஃபாரெஸ்டரின் நாவல்களில் வரும் ஹொரேஷியோ ஹார்ன்ப்ளோயர். நெப்போலியன் காலப் போர்க்கப்பல்களில் படிப்படியாக உயரும் கற்பனை அதிகாரி அவர். ஸ்டார் ட்ரெக்கின் பதவிப் பெயர்கள், கேப்டனின் பதிவேடு, கலத்தின் தலைமைத் தளத்தை 'பிரிட்ஜ்' என்பது எல்லாமே கடற்படை வழக்கு. பிகார்ட் தம் துணைவர் ரைக்கரை 'நம்பர் ஒன்' என்று அழைப்பதும் அப்படியே. பிரிட்டிஷ் கடற்படையில் கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரியை இப்படி அழைக்கும் வழக்கம் உண்டு. அந்த வரிசையில் 'மேக் இட் ஸோ' வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. மெல்வில் கேப்டனின் ஆட்சிக்கு வெளியே விட்ட விண்மீன்களுக்கு நடுவே, 24ஆம் நூற்றாண்டில், அது மறுபடி ஒலிக்கிறது.

ஒலி என்ற முறையிலும் இந்த வசனம் நடிகருக்கு வாய்த்த ஒன்று. முதல் இரண்டு சொற்களும் வல்லின ஒற்றில் முடிகின்றன: க், ட். வாய் இரண்டு முறை அடைக்கிறது. மூன்றாவது சொல் நெடிலில் திறக்கிறது. 1966 முதல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் மேடைகளில் குரலைப் பழக்கியிருந்த ஸ்டூவர்ட் அந்த ஓகாரத்தில் என்ன வேண்டுமானாலும் ஏற்ற முடிந்தது. ஒரே வசனம் பரிவாகவும், தயக்கமாகவும், இறுகிய உறுதியாகவும் அவரிடமிருந்து வருகிறது.

கதையில் அது செய்யும் வேலை

1966இல் தொடங்கிய முதல் ஸ்டார் ட்ரெக்கில் கேப்டன் கிர்க் ஆபத்தான கிரகங்களில் தாமே இறங்கிவிடுவார். புதிய தொடரில் பெரும்பாலும் ரைக்கர் குழுவோடு இறங்குவார், பிகார்ட் கலத்தில் இருப்பார். சண்டையிடும் நாயகன் இடத்தில், கேட்டு முடிவெடுக்கும் நாயகன். ஆகவே கூட்ட அறையின் நீண்ட மேசையே தொடரின் முக்கியக் களங்களில் ஒன்றாயிற்று. பொறியாளர் லா ஃபோர்ஜ் எந்திரத்தின் நிலையைச் சொல்வார். மனித வடிவ எந்திரமான (ஆண்ட்ராய்டு) டேட்டா என்பவர் சாத்தியங்களை எண்களில் அடுக்குவார். வோர்ஃப் தாக்குதலின் கோணத்தில் பார்ப்பார். டிராய் எதிராளியின் மனநிலையைச் சொல்வார். பிகார்ட் குறுக்கே கேள்வி கேட்பார். கடைசியில் அந்த மூன்று சொற்கள்.

இதில் எழுத்தாளர்களுக்கு ஒரு பெரும் வசதி இருந்தது. அந்தத் தொடரில் வாயில் நுழையாத அறிவியல் சொற்கள் ஏராளம். தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான ரொனால்ட் டி. மூர் பின்னாளில் சொல்லியிருப்பது போல, திரைக்கதையில் அந்த இடங்களில் வெறுமனே 'டெக்' என்று எழுதி விட்டுவிடுவார்கள். அறிவியல் ஆலோசகர்கள் பிறகு பொருத்தமான சொற்களை நிரப்புவார்கள். பார்வையாளருக்கு அந்த விளக்கம் பாதி புரியாது. புரிய வேண்டியதும் இல்லை. பிகார்ட் கேட்டு முடித்து 'மேக் இட் ஸோ' என்றதும், திட்டம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னவர் நம்பத்தக்கவர், வேலை தொடங்கிவிட்டது என்ற மூன்றும் ஒரே நொடியில் புரிந்துவிடுகின்றன. காட்சி அங்கே வெட்டப்படலாம். நம்பிக்கையைக் காட்டும் வசனமாக இது நிலைத்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

'கெட் இட் டன்': எதிர்த்திசையில் ஓர் ஆணை

மூன்றாவது தவறைத் தொடரே ஓரிடத்தில் திருத்திக் காட்டுகிறது. 1992 டிசம்பரில் வந்த 'செயின் ஆஃப் கமாண்ட்' என்ற இரண்டு பாகக் கதையில் பிகார்ட் ரகசியப் பணிக்கு அனுப்பப்படுகிறார். கலம் கேப்டன் ஜெலிக்கோவின் கைக்குப் போகிறது. வந்ததும் அவர் கேட்பது, மூன்று முறைகளாக இருக்கும் பணி நேரத்தை நான்காக மாற்ற வேண்டும் என்பது. துறைத் தலைவர்களோடு பேசிய ரைக்கர், அதில் பல சிக்கல்கள் வரும் என்று கருதி நிறுத்திவைக்கிறார். ஜெலிக்கோ கேட்கத் தயாராக இல்லை. அவருடைய வசனம் 'கெட் இட் டன்': முடித்துக் காட்டு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் மூன்று சொற்கள். இரண்டிலும் நடுவில் 'இட்'. ஆனால் ஜெலிக்கோவின் 'அது' ஜெலிக்கோவே தீர்மானித்தது. பிகார்டின் 'அது' எதிரே இருப்பவர் சொன்னது. அங்கே யோசனை மேலிருந்து இறங்குகிறது, இங்கே கீழிருந்து ஏறுகிறது.

ஜெலிக்கோ தோற்றவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். போர் நெருங்கும் வேளையில் வந்த அவர் எதிரியின் கணக்கைச் சரியாகப் படித்து வெல்கிறார்; பிகார்ட் உயிரோடு திரும்புவதும் அதனால்தான். ஆனால் அந்த வெற்றிக்கு வேண்டிய சிறுகலத்தை ஓட்டத் தகுந்தவர், அவரே பொறுப்பிலிருந்து நீக்கியிருந்த ரைக்கர். ஜெலிக்கோ அவருடைய அறைக்கே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த அறையில் 'கெட் இட் டன்' செல்லுபடியாகவில்லை.

இன்னும் கூர்மையான எதிர்நிலை 1990 ஜூனில் வந்தது. 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' கதையில் போர்க் என்ற கூட்டு எந்திர இனம் பிகார்டைக் கவர்ந்து சென்று தம்மில் ஒருவராக மாற்றிவிடுகிறது. முதல் பாகத்தின் முடிவில் திரையில் தெரிவது அவர் முகம்தான், பாதி உலோகம். அந்த முகம், தான் லொக்யூட்டஸ் என்கிறது. எதிர்ப்பது வீண் என்கிறது. நேற்று வரை எல்லாரையும் கேட்டுவிட்டு 'மேக் இட் ஸோ' சொன்ன அதே குரல், கேட்பதற்கே ஏதும் இல்லை என்று அறிவிக்கிறது. பார்த்தவர்களை அந்தக் காட்சி அந்த அளவுக்கு உலுக்கியதில் ஒப்பனைக்கு இருந்த பங்கு பாதிதான். மறுபாதி அந்தக் குரலில் வந்த வாக்கியம்.

உண்மை உலகில் இது எப்போது பாதுகாப்பானது?

சுட்டுச்சொற்களால் ஆன சம்மதம், 'சரி', 'அப்படியே', 'ஓகே' எதுவானாலும், ஓர் ஆபத்தைச் சுமந்திருக்கிறது. கேட்டவரும் சொன்னவரும் 'அது' என்பதை இருவேறு பொருளில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் உள்ள டெனெரீஃப் விமான நிலையத்தில் இதற்கு விடை கிடைத்தது. மூடுபனிக்கு நடுவே ஒரு போயிங் 747 ஓடுபாதையின் முனையில் நின்றது. இன்னொரு 747 அதே ஓடுபாதையில் மெல்ல வந்துகொண்டிருந்தது. முனையில் நின்ற விமானத்தின் துணை விமானி, தாங்கள் இப்போது 'டேக்-ஆஃப்' நிலையில் இருப்பதாக வானொலியில் சொன்னார். புறப்படக் காத்திருக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை புரிந்துகொண்டது. உண்மையில் விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்றார். காத்திருக்கும்படி அவர் தொடர்ந்து சொன்னது, மற்ற விமானம் அதே நொடியில் பேசியதால் இரைச்சலில் மூழ்கியது. ஓடத் தொடங்கிய விமானத்தின் விமானி அறைக்குள் பொறியாளர், அந்த இன்னொரு விமானம் விலகிவிட்டதா என்று கேட்டார். கேப்டன் அழுத்தமாக ஆமாம் என்றார். 583 பேர் இறந்தார்கள்.

அதன்பின் விதி மாறியது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். அனுமதியை வெறும் 'ஓகே' என்று ஏற்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானி அறையில் இளையவர் சொல்வதை மூத்தவர் கேட்கப் பழக வேண்டும் என்ற பயிற்சி முறையும், 1979இல் நாசா கூட்டிய பயிலரங்குக்குப் பிறகு வளர்ந்தது.

இதைக் கொண்டு பார்த்தால், 'மேக் இட் ஸோ' போன்ற ஆணை பாதுகாப்பாக இருக்கச் சில நிபந்தனைகள் தெரிகின்றன.

1. யோசனை முழு வாக்கியமாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். தலையசைப்பும் அரைச் சொல்லும் போதா.
2. ஆணைக்கும் யோசனைக்கும் நடுவே வேறு பேச்சு நுழையக் கூடாது. நுழைந்தால் 'அது' எதைச் சுட்டுகிறது என்பது மாறிவிடும்.
3. மறுப்புச் சொல்ல இடம் இருந்திருக்க வேண்டும். பொறியாளரின் கேள்வி தட்டிக்கழிக்கப்பட்ட அறையில் எந்தச் சம்மதத்துக்கும் மதிப்பில்லை.

பிகார்டின் மேசையில் பெரும்பாலும் மூன்றும் இருக்கின்றன. அதனால்தான் அங்கே மூன்றே சொற்கள் போதுமானவையாகின்றன.

தமிழில் எப்படிச் சொல்வது?

'அப்படியே ஆகட்டும்' என்று பெயர்த்தால் இலக்கணப்படி நெருக்கமாக வரும். ஆனால் அந்தச் சொற்றொடரைக் கேட்டதும் தமிழ்க் காதுக்கு நினைவு வருவது, தவம் செய்தவனுக்கு வரம் தரும் தெய்வம். வரம் கேட்டவனால் தானே செய்துகொள்ள முடியாததைத் தெய்வம் தருகிறது. பிகார்டின் முன் நிற்பவரோ தாமே செய்யப் போகிறவர். 'அப்படியே செய்' என்பதில் ஏவல் தூக்கலாகிறது. ரைக்கரிடம் பிகார்ட் காட்டும் மரியாதையும் போய்விடும். 'அப்படியே செய்யுங்கள்' பொருந்தும், ஆனால் நண்பகலை அந்தச் சொல்லால் ஆக்க முடியாது. நண்பகலை யாரும் 'செய்வதில்லை'.

நன்னூல், க, ய, ர் என்ற ஈறுகளைக் கொண்ட வியங்கோள் எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் பொது என்கிறது. அந்த மரபில் 'அங்ஙனமே ஆகுக' எனலாம். யார் செய்வது என்று விரல் நீட்டாத அழகு அதில் உண்டு, ஆனால் விண்கலத்தில் நடக்கும் பேச்சாக ஒலிக்காது. என் தேர்வு 'அப்படியே நடக்கட்டும்'. சூரியன் உச்சியில் நிற்பதற்கும் சொல்லலாம், எந்திரத்தைத் திருத்துவதற்கும் சொல்லலாம். சொன்னவரின் யோசனையை ஏற்று, 'விளைவுக்கு நான் இருக்கிறேன்' என்று மூத்தவர் கைகாட்டும் தொனியும் அதில் கிடைக்கிறது.

பிறகு வந்தவர்கள்

பிகார்டுக்குப் பின் ஒவ்வொரு கேப்டனுக்கும் ஒரு வசனம் தேவைப்பட்டது. ஜேன்வே 'டூ இட்' என்றார். பர்னம் 'லெட்ஸ் ஃப்ளை' என்றார். 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்ற பிந்தைய தொடரில் பைக் 'ஹிட் இட்' என்கிறார். மூன்றுமே புறப்பாட்டுச் சொற்களாகப் புகழ் பெற்றவை, அதாவது 'எங்கேஜ்' குடும்பம். யோசனை சொன்னவருக்குப் பதிலாக வரும் 'மேக் இட் ஸோ'வுக்கு அந்த அளவு புகழ் பெற்ற வாரிசு ஒன்றும் வரவில்லை.

2020இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: பிகார்ட்' 2023 ஏப்ரலில் நிறைவடைந்தது. அதன் இறுதிப் பாகத்தில் செவன் ஆஃப் நைன் புதிய எண்டர்பிரைஸின் கேப்டனாகப் பொறுப்பேற்கிறார். ஒரு காலத்தில் போர்க் இனத்தின் கூட்டத்தில் குரலற்று இருந்தவர் அவர். கலம் புறப்படத் தயார். அவருடைய முதல் ஆணை எந்தச் சொல்லாக இருக்கும் என்று அருகில் இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். அவர் நாற்காலியில் அமர்கிறார், புன்னகைக்கிறார், வாய் திறக்கப் போகிறார். காட்சி அங்கே வெட்டப்படுகிறது.